காய்ச்சினாலும் போகாத பச்சை

2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டொலிடோ நகரத்தில் பொழுது விடிவதற்கு முன்பே ஓர் அறிவிப்பு வந்துவிட்டது: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். காய்ச்சியும் குடிக்காதீர்கள், காய்ச்சினால் இன்னும் மோசமாகும். ஏறக்குறைய 4 லட்சம் பேர் அந்தத் தண்ணீரை நம்பி இருந்தவர்கள். சில மணி நேரத்தில் வட்டாரக் கடைகளில் பாட்டில் தண்ணீர் தீர்ந்துபோனது. ஆகஸ்ட் 4 அன்றுதான் தடை நீங்கியது.

அந்த நகரத்துக்குத் தண்ணீர் ஈரி ஏரியிலிருந்து வருகிறது. வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் ஒன்று அது. அந்தக் கோடையில் ஏரியின் மேற்குப் பகுதி, கீரையை அரைத்துக் கரைத்துவிட்டது போலக் கிடந்தது.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். டைஃபாய்டு, காமாலை, வயிற்றுப்போக்கு என்று எது வந்தாலும் முதலில் சொல்லப்படுவது அதுதான். காய்ச்சுவதே உதவாது என்றால் அந்தத் தண்ணீரில் அப்படி என்ன இருந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஏரி ஏன் பச்சையாகிறது என்பது விளங்கிவிடும். நம் ஊரில் இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் "பாசி பிடிச்சிருச்சு, மருந்து அடிச்சா சரியாயிரும்" என்பதோடு நின்றுவிடுகிறது. அந்தப் பேச்சில் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

## பாசி என்ற ஒரே சொல்

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. மழைக்காலத்தில் மதில்மேல் படர்கிற பச்சை மெத்தை பாசி. கோயில் குளத்துப் படியில் வழுக்கிவிடுவதும் பாசி. மீன் தொட்டியில் போடுகிற வேலம்பாசியும் பாசிதான். மண்டபம், ராமேசுவரம் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கிற கடல்பாசியும் பாசிதான். நீரோடு சேர்ந்த பச்சை எல்லாவற்றுக்கும் நம் மொழி ஒரே பெயரைக் கொடுத்திருக்கிறது. அன்றாடப் புழக்கத்துக்கு அது போதும். தண்ணீர் குடிக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய அது போதாது.

ஏரியில் பச்சையாகத் தெரிவதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, கண்ணுக்கு இலையும் தண்டும் தெரிகிற செடிகள். ஆகாயத்தாமரை இந்த வகை. அது ஏரியைக் கெடுக்கும், ஆனால் அது பாசி இல்லை. இரண்டாவது, உண்மையான பாசிகள். நூல்நூலாக, குச்சியில் சுற்றினால் தலைமுடி போல வருபவை இதில் உண்டு. இவற்றில் பல தீங்கற்றவை. சொல்லப்போனால் இவை இல்லாவிட்டால் ஏரியில் மீனே இருக்காது, ஏனென்றால் நீரின் உணவுச் சங்கிலி இவற்றிலிருந்துதான் தொடங்குகிறது. மூன்றாவதுதான் டொலிடோவில் தொல்லை கொடுத்தது. அதன் பெயர் நீலப்பச்சைப் பாசி.

கடலில் நடப்பது வேறு கதை. 2019 ஆகஸ்ட்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். அதைச் செய்தது நாக்டிலூக்கா என்ற வேறொரு நுண்ணுயிர். இந்தக் கட்டுரையில் நன்னீர் மட்டும்.

## பாசி என்று பேர், உண்மையில் பாக்டீரியா

நீலப்பச்சைப் பாசி என்பது பாசியே இல்லை. அது பாக்டீரியா. தயிரைப் புளிக்க வைக்கிற நுண்ணுயிரின் தூரத்துச் சொந்தம். ஆனால் செடியைப் போல வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். அறிவியல் பெயர் சயனோபாக்டீரியா. உடலில் இலைப்பச்சையோடு நீல நிறமி ஒன்றும் இருப்பதால் இந்தப் பெயர். கரையில் ஒதுங்கிய பச்சை ஏடு காய்ந்து சாகும்போது இந்த நீலம் வெளியே கசியும். கரைக்கல்லில் நீலச் சாயம் சிந்தியது போலத் திட்டுத்திட்டாக இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இதை வில்லனாக மட்டும் பார்க்கக் கூடாது. ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே இவற்றால்தான். இன்றைக்கும் நெல் வயலில் நீலப்பச்சைப் பாசியை உயிர் உரமாக இடுகிறோம். அசோலா என்ற நீர்ப்பெரணியின் இலைக்குள் குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதும் இந்தக் குடும்பத்து உயிர்தான். வயல் நீரில் இவை செய்கிற இந்த உதவியை 1939-லேயே பி.கே.டே என்ற இந்திய விஞ்ஞானி எழுதிக் காட்டினார். மாத்திரையாக விற்கிற சுருள்பாசியும் (ஸ்பைருலினா) இதே குடும்பம். இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படுகிற எம்.ஓ.பி.அய்யங்கார் சென்னையில் இருந்து வேலை செய்தவர் என்பதையும் சொல்ல ஆசை. நம் குளத்துத் தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிற மரபு நமக்குப் புதிது இல்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே? அளவில்தான். ஒரு ஏரியில் இந்த உயிர் எப்போதும் கொஞ்சம் இருக்கும். திடீரென்று அது மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நீரை நிறைத்துக்கொள்வதைப் பாசிப் பெருக்கம் என்கிறோம். "நேற்று வரைக்கும் ஏரி நல்லாத்தான் இருந்தது" என்று ஊரார் சொல்வது பொய் இல்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிற உயிர் 20 நாளில் ஆயிரம் மடங்காகிவிடும். அதில் முதல் 14 நாள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பச்சையாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. கவலைப்பட வேண்டியது நீலப்பச்சைப் பாசி என்ற பாக்டீரியா அளவு மீறிப் பெருகும்போது. அளவு மீறுவது எதனால் என்பதுதான் அடுத்த கேள்வி.

## இட்லி மாவுக் கணக்கு

இட்லிக்கு மாவு அரைக்கிற வீட்டில் கணக்கு தெரியும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. வீட்டில் ஒரு மூட்டை அரிசி இருக்கிறது, உளுந்து ஒரு கைப்பிடிதான் இருக்கிறது என்றால் எத்தனை இட்லி வரும்? அந்தக் கைப்பிடி உளுந்துக்கு உரியதுதான் வரும். அரிசியை இன்னும் கூட்டினால் ஒன்றும் ஆகாது. ஒரு கிலோ உளுந்து வாங்கி வந்தால் அன்றைக்கே அண்டா நிறைய மாவு.

பாசிக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அதன் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றின் அணுக்கள் ஏறத்தாழ 106, 16, 1 என்ற விகிதத்தில் இருக்கும். கார்பன் காற்றிலிருந்து வந்துகொண்டே இருக்கும். நைட்ரஜனும் காற்றில் நிறைய. நீலப்பச்சைப் பாசிகளில் சில வகைகள் அதை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸ் மட்டும் காற்றில் கிடையாது. பாறை கரைந்து, மண் அரித்துத்தான் வர வேண்டும். மனிதர் கை படாத ஏரியில் அது மிகக் குறைவு. ஆக, பல நன்னீர் ஏரிகளில் உளுந்தின் இடத்தில் இருப்பது பாஸ்பரஸ்.

இது வெறும் ஊகம் இல்லை, ஒரு முழு ஏரியை வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1960களின் கடைசியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏரிகள் பச்சையாவதற்குச் சலவைத்தூளில் சேர்த்த பாஸ்பேட் காரணமா என்று பெரிய சண்டை. சலவைத்தூள் தொழிலின் பக்கம் நின்றவர்கள் கார்பன்தான் காரணம் என்று வாதாடினார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆள் அரவமற்ற காட்டுப் பகுதியில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய சிறு ஏரிகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான். 226-ஆம் எண் ஏரி நடுவில் இடுப்பு ஒடுங்கி உடுக்கை போல இருக்கும். 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு அந்த இடுப்பில் வினைல் திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். கோடையில் மேலே இருந்து எடுத்த படத்தில் ஒரு பாதி கருநீலமாகத் தெளிந்திருந்தது, மறு பாதி பச்சைக் கூழாக இருந்தது. பல ஆண்டு வாக்குவாதத்தை அந்த ஒரு படம் தீர்த்து வைத்தது என்றே சொல்லலாம்.

நைட்ரஜனுக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஈரி ஏரியில் பெருகுகிற மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகைக்குக் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கத் தெரியாது. அது நீரில் கரைந்து வருவதைத்தான் நம்பியிருக்கிறது. ஆனாலும் பாஸ்பரஸ் கட்டுப்படாமல் பெருக்கம் கட்டுப்படாது.

ஏரிக்கு இப்படித் தேவைக்கு மேல் ஊட்டம் வந்து சேர்வதற்கு மிகையூட்டம் என்று பெயர். பச்சையான ஏரியை நாம் அழுக்கான ஏரி என்கிறோம். அதற்கு வந்திருப்பது அளவுக்கு மிஞ்சித் தின்றவருக்கு வருகிற நோய்.

## ஊட்டுவது யார்?

நாம்தான். ஒரு ஆளின் மலத்திலும் சிறுநீரிலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 கிராம் பாஸ்பரஸ் வெளியேறுகிறது. கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போல இருக்கும். பாசியின் உலர் எடையில் பாஸ்பரஸ் சுமார் நூறில் ஒரு பங்குதான். ஆகவே 1 கிராம் பாஸ்பரஸ் 100 கிராம் உலர் பாசியை உண்டாக்கப் போதும். 50,000 பேர் இருக்கிற ஒரு ஊரின் சாக்கடை நேராக ஏரியில் விழுந்தால் ஒரு நாளைக்கு 5 டன் உலர் பாசிக்கான தீனி உள்ளே போகிறது.

உரத்திலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் தனிப் பாஸ்பரஸ் சுமார் 10 கிலோ. வயலில் இட்டதில் பெரும்பகுதி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், பயிரும் எடுத்துக்கொள்ளும். உரம் போட்ட மறுநாளே பெருமழை அடித்தால் வாய்க்கால் வழியே போவது அதிகமாகும். மௌமி என்ற ஆறு ஈரி ஏரியின் மேற்கு மூலையில் கலக்கிறது. அது வருகிற வழியெல்லாம் மக்காச்சோளமும் சோயாவும். டொலிடோவைக் கலங்கடித்த பாஸ்பரஸில் பெரும்பகுதி அந்த வயல்களிலிருந்து வந்தது. அங்கே எந்த ஆலையும் ரகசியமாகக் குழாய் வைத்து நஞ்சு ஊற்றவில்லை. ஆயிரக்கணக்கான விவசாயிகள் ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்த உரம் அது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். "கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் விடுகிறோம்" என்பார்கள். வழக்கமான சுத்திகரிப்பு, நாற்றத்துக்குக் காரணமான கரிமப் பொருளையும் கிருமியையும் குறைக்கும். கரைந்த பாஸ்பரஸில் பெரும்பகுதி அதில் தப்பிவிடும். அதைப் பிடிக்கத் தனியாக ஒரு கட்டம் வேண்டும். சுத்திகரித்த நீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும், ஏரியில் விழுந்ததும் பச்சையாக மாறும்.

## விளாவாத வெந்நீர்

ஊட்டம் இருந்தாலும் எல்லா மாதமும் ஏரி பச்சையாவதில்லை. வெயிலும் காற்றும் கைகொடுக்க வேண்டும். இது புரிய வாளி ஒன்று போதும். குளிர்ந்த தண்ணீர் இருக்கிற வாளியில் வெந்நீரை மெல்ல ஊற்றிவிட்டு, விளாவாமல் கையை விட்டுப் பாருங்கள். மேலே சுடும், அடியில் குளிரும். சூடான நீர் எடை குறைவு என்பதால் அது மேலேயே தங்கும். ஆழமான ஏரியில் காற்றில்லாத கோடையில் இதுவேதான் நடக்கிறது. மேலே வெதுவெதுப்பான அடுக்கு, கீழே குளிர்ந்த அடுக்கு, இரண்டும் கலப்பதில்லை.

சாதாரணப் பாசிக்கு இது கெட்ட காலம். கலக்கிவிட ஆளில்லாததால் அது மெல்ல அடியில் போய் இருட்டில் சாகும். நீலப்பச்சைப் பாசியில் பல வகைகளின் உடலுக்குள் நுண்ணிய காற்றுப் பைகள் இருக்கின்றன. நீச்சல் பழகும் பிள்ளை முதுகில் கட்டிக்கொள்கிற சுரைக்குடுக்கை மாதிரி. பகலில் உணவு ஆக்கி எடை கூடினால் கீழே இறங்கும். அங்கே ஊட்டத்தை எடுத்துக்கொள்ளும். இரவில் சேமிப்பைச் செலவழித்து எடை குறைந்து மேலே வரும். போட்டியாளர்களுக்கு வெளிச்சம் போகாமல் மேலே பாய் விரித்துவிடும். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் இவற்றுக்குக் கொண்டாட்டம்.

காற்றில்லாத இரவுக்குப் பிறகு காலையில் கரைக்கு வந்து பார்ப்பவர் திடுக்கிடுவது இதனால்தான். இரண்டு மூன்று மீட்டர் ஆழத்துக்குப் பரவியிருந்தது முழுக்க ஒரே இரவில் மேலே மிதந்து வந்து, இளங்காற்றில் ஒரு கரைக்கு ஒதுங்கியிருக்கும். எதிர்க்கரையில் நீர் தெளிவாக இருக்கலாம். மதியம் காற்றடித்தால் எல்லாம் கலந்து ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். கண்ணுக்குத் தெரியாததால் அது போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

சேர்த்துப் பார்த்தால், ஊட்டம், வெப்பம், அசையாத நீர் ஆகிய மூன்றும் கூடினால் பெருக்கம். இவற்றில் வெயிலையும் காற்றையும் நாம் மாற்ற முடியாது. ஊட்டத்தைத் தடுக்கலாம்.

## மீன்கள் விடியற்காலையில் சாவது ஏன்?

"யாரோ விஷம் கலந்துட்டாங்க." குளத்தில் மீன் செத்து மிதந்தால் முதலில் எழும் பேச்சு இது. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். பல சமயம் மூச்சு முட்டித்தான் சாகின்றன.

ஒரு லிட்டர் காற்றில் ஆக்சிஜன் சுமார் 270 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு லிட்டர் நல்ல ஏரி நீரில் 8 மில்லிகிராம் இருந்தாலே அதிகம். மீன் இந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் வாழ்கிறது. பகலில் பாசி ஆக்சிஜனை வெளியே விடுகிறது. இரவில் வெளிச்சம் இல்லை, பாசியும் நம்மைப் போல மூச்சு வாங்கத் தொடங்குகிறது. ஒரு சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நூறு பேர் படுத்த கதைதான். இரவு முழுவதும் இருப்புக் குறைந்துகொண்டே வந்து விடியலுக்குச் சற்று முன்பு அடிமட்டத்துக்குப் போகும். அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை மீன் வளர்ப்பவர்கள் நன்றாக அறிவார்கள்.

பெருக்கம் முடிந்து பாசி சாகும்போது நிலைமை இன்னும் மோசம். செத்த பாசியை மக்கச் செய்கிற பாக்டீரியாக்கள் மிச்ச ஆக்சிஜனையும் தின்றுவிடுகின்றன. சில ஆண்டுகளில் மேட்டூர் அணையின் நீர்த்தேக்கப் பகுதியில் தண்ணீர் பச்சையாகித் தாங்க முடியாத நாற்றம் அடிப்பதாகக் கரையோர மக்கள் முறையிடுவது செய்தியாக வரும். பாசி அழுகும்போது வருகிற நாற்றம் அத்தகையது.

## காய்ச்சினால் ஏன் போகாது?

இப்போது டொலிடோவுக்குத் திரும்பலாம். மைக்ரோசிஸ்டிஸ் தன் உடலுக்குள் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை ஆக்கி வைத்திருக்கும். ஏழு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த ஒரு மூலக்கூறு அது. உடலுக்குள் போனால் கல்லீரலைத் தேடிப் போய் அதன் செல்களைக் குலைக்கும்.

உப்புக் கரைத்த தண்ணீரைக் காய்ச்சினால் உப்பு போகுமா? நீர் வற்ற வற்றக் கரிப்புத்தான் கூடும். மைக்ரோசிஸ்டினும் அப்படித்தான். காய்ச்சுவது உயிருள்ள கிருமியைக் கொல்லும். இந்த நஞ்சு உயிருள்ளது இல்லை, கொதிநீரின் சூட்டை அது தாங்கிக்கொள்ளும். நீர் ஆவியாகப் போகப் போக நஞ்சின் செறிவு கூடும். மேலும், பாசி செல்லுக்குள் அடைந்து கிடந்தது சூட்டில் செல் வெடித்து வெளியே வந்துவிடும்.

குடிநீரில் மைக்ரோசிஸ்டின் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. 10,000 லிட்டர் லாரிகள் நூறில் ஒரே ஒரு கிராமைக் கரைத்தால் வருகிற அளவு அது. டொலிடோவின் சுத்திகரித்த நீரில் அந்த அளவு தாண்டியிருந்தது.

வீட்டுக் கருவிகளைப் பற்றியும் கேட்பார்கள். புற ஊதாக் கதிர் மட்டும் கொண்ட கருவி கிருமிக்கானது, இந்த நஞ்சுக்கு அதை நம்ப முடியாது. ஆர்.ஓ. பெருமளவு குறைக்கும். கரி வடிப்பான் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதற்கும் கொள்ளளவு உண்டு, மாற்றாமல் விட்டால் பயனில்லை. ஏட்டோடு இருக்கிற நீரை எந்தக் கருவியில் ஊற்றினாலும் குடிக்காமல் இருப்பதே சரி.

இந்த நஞ்சு என்ன செய்யும் என்பதற்குக் கொடுமையான சான்று 1996-இல் பிரேசிலில் கிடைத்தது. கருவாரு என்ற ஊரில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு வந்த தண்ணீரில் மைக்ரோசிஸ்டின் இருந்தது. டயாலிசிஸின்போது நோயாளியின் ரத்தத்துக்குப் பக்கத்தில் மெல்லிய சவ்வு ஒன்றுக்கு அப்பால் நூறு லிட்டருக்கும் மேல் தண்ணீர் ஓடும். குடல், செரிமானம் என்ற தடை எதுவும் அங்கே இல்லை. கல்லீரல் செயலிழந்து 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

கால்நடை விஷயம் இன்னும் பழையது. ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்டிரினா ஏரியில் பச்சை ஏடு மிதந்த நீரைக் குடித்து ஆடுகளும் குதிரைகளும் செத்ததை ஜார்ஜ் ஃபிரான்சிஸ் என்பவர் 1878-லேயே எழுதிவைத்தார். ஆடு மாடும் நாயும் நம்மைப் போல நிறம் பார்த்து ஒதுங்குவதில்லை. நாய் நீந்திவிட்டு வந்து உடம்பை நக்கும்போது ரோமத்தில் ஒட்டியதெல்லாம் உள்ளே போகும்.

## "மருந்து அடித்தால்" என்ன ஆகும்?

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) நமக்குத் தெரிந்த பொருள். தென்னைக்கும் திராட்சைக்கும் போர்டோ கலவையாகத் தெளிக்கிறோம். அது பாசியைக் கொல்லும் என்பதும் உண்மை. ஆனால் நஞ்சு நிறைந்த பாசியைக் கொன்றால் நடப்பது வேறு.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பாம் தீவு என்று ஒரு தீவு. 1979-இல் அங்கே குடிநீர் அணையில் பாசி பெருகி, தண்ணீரில் நாற்றமும் சுவைக்கேடும் வந்தன. மயில்துத்தம் போட்டார்கள். சில நாளில் 148 பேர் நோயில் விழுந்தார்கள். அவர்களில் 138 பேர் குழந்தைகள். வாந்தி, வீங்கிய கல்லீரல், ரத்தத்தோடு பேதி. மருந்து செல்களை உடைத்ததும் உள்ளே இருந்த நஞ்சு மொத்தமும் ஒரே நேரத்தில் நீரில் கலந்துவிட்டது. நஞ்சின் பெயர் சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின், மைக்ரோசிஸ்டின் இல்லை. நடந்த முறை மட்டும் எந்த நஞ்சுக்கும் பொருந்தும். நல்ல எண்ணத்தோடு செய்த வேலை அது. அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: குடிநீர் எடுக்கிற நீர்நிலையில் பெருக்கம் வந்த பிறகு கொல்லும் மருந்து ஊற்றுவது நிலைமையை மோசமாக்கும்.

நல்ல குடிநீர் நிலையங்கள் இதை வேறு விதமாகச் செய்கின்றன. படிகாரம் போட்டுப் பாசி செல்களை உடையாமல் முழுசாகத் திரட்டிப் படிய வைத்து முதலில் வெளியேற்றும். அப்புறம்தான் கரைந்திருக்கிற நஞ்சைக் கரித்தூளாலும் குளோரினாலும் கவனிக்கும். வரிசை மாறினால் சிக்கல்.

## கண்ணால் பார்த்துச் சொல்லலாமா?

ஓரளவுக்குச் சொல்லலாம். நீளக் குச்சியால் கிளறிப் பாருங்கள். முடி போலச் சுற்றிக்கொண்டு வந்தால் அது பெரும்பாலும் நூல்பாசி. குச்சியை பெயின்டில் முக்கி எடுத்தது போல இருந்தால் நீலப்பச்சைப் பாசியைச் சந்தேகிக்கலாம். கையுறை போட்டு ஒரு கண்ணாடிப் புட்டியில் முக்கால் அளவு நீர் எடுத்து ஓர் இரவு அசைக்காமல் வைத்தால், நீலப்பச்சைப் பாசி மேலே வந்து பச்சை வளையமாகக் கட்டும். மற்றவை பெரும்பாலும் அடியில் படியும்.

நஞ்சு இருக்கிறதா என்பதை எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. ஒரே இனத்தில் நஞ்சு ஆக்கும் மரபணு உள்ளவையும் இல்லாதவையும் கலந்தே இருக்கும். ஆய்வகச் சோதனைதான் ஒரே வழி. அது வரும்வரை நஞ்சு இருப்பதாகவே எண்ணிக்கொண்டு பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் அந்தக் கரையிலிருந்து தள்ளி வைப்பது நல்லது.

## ஏரி திரும்புமா?

திரும்பும். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் வாஷிங்டன் ஏரி இருக்கிறது. சுற்றியிருந்த 11 சுத்திகரிப்பு நிலையங்களின் நீர் அதில்தான் விழுந்தது. 1955-இல் டபிள்யூ.டி.எட்மண்ட்சன் என்ற விஞ்ஞானி அந்த ஏரியில் ஒரு நீலப்பச்சைப் பாசியைக் கண்டு, இது மோசமாகப் போகும் என்று எச்சரித்தார். 1958-இல் மக்கள் வாக்களித்துச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். 1963 முதல் 1968 வரை கழிவுநீர் படிப்படியாக ஏரியிலிருந்து திருப்பப்பட்டது. நீருக்குள் ஒரு வெள்ளைத் தட்டை இறக்கி அது எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்ப்பது தெளிவை அளக்கும் எளிய முறை. கெட்டிருந்த காலத்தில் அந்தத் தட்டு ஒரு மீட்டருக்குள்ளேயே மறைந்துவிட்டது. திருப்பிய சில ஆண்டுகளில் பல மீட்டர் ஆழம் வரை தெரிந்தது. மருந்து எதுவும் ஊற்றவில்லை, ஊட்டுவதை நிறுத்தினார்கள்.

எல்லா ஏரியும் இவ்வளவு சீக்கிரம் திரும்பாது. காரணம் அடிச்சேறு. ஆண்டாண்டாக வந்த பாஸ்பரஸ் சேற்றில் இரும்போடு சேர்ந்து படிந்திருக்கும். ஆக்சிஜன் இருக்கிற வரை இரும்பு அதைப் பிடித்து வைத்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்தால் பிடியை விட்டுவிடும். பாசி சாக, ஆக்சிஜன் தீர, சேற்றிலிருந்து பாஸ்பரஸ் வெளிவர, மறுபடியும் பாசி. சாக்கடையை அடைத்த பிறகும் பல ஆண்டுகள் இந்தச் சுழல் ஓடும். பழைய கடனுக்கு வட்டி கட்டுவது போலத்தான்.

இந்த இடத்தில் நம் பக்கத்து வழக்கங்கள் இரண்டு எனக்கு நினைவுக்கு வருகின்றன. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஊருணி என்றால் குடிநீருக்கு மட்டும். அதில் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது. பாஸ்பரஸ் என்ற சொல் தெரியாத காலத்திலேயே அதை வாசலில் நிறுத்திய ஏற்பாடு அது. இன்னொன்று, கோடையில் வற்றிய கண்மாயிலிருந்து வண்டல் அள்ளி வயலுக்கு அடித்தது. ஏரியில் தொல்லை கொடுக்கும் சேறு வயலில் உரம். சேற்றோடு சேர்ந்து பாஸ்பரஸும் கரையேறிவிடும். இன்று சாக்கடைக் குழாய் திறந்துவிட்ட ஏரிக்கு வண்டல் அள்ளுவது மட்டும் போதாது, குழாயை அடைக்காமல் அள்ளினால் அடுத்த ஆண்டே நிரம்பிவிடும். ஆனாலும் தூர்வாருவதை வெறும் கொள்ளளவுக் கணக்காக மட்டும் பார்ப்பது பாதிப் பார்வைதான்.

ஈரி ஏரியின் கதை இன்னும் முடியவில்லை. 1960களில் அதைச் செத்த ஏரி என்றே எழுதினார்கள். 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டு, சலவைத்தூள் பாஸ்பேட்டையும் கழிவுநீர்ப் பாஸ்பரஸையும் குறைத்தன; 1980களில் ஏரி தெளிந்தது. 1990களின் நடுவிலிருந்து வயல்களிலிருந்து கரைந்து வரும் பாஸ்பரஸ் கூடியது, பச்சை திரும்பியது. 2011-லும் 2015-லும் மிகப் பெரிய பெருக்கங்கள். ஏரிக்குப் போகும் பாஸ்பரஸை 2008-ஆம் ஆண்டின் அளவிலிருந்து 40 சதவீதம் குறைப்பது என்று இரு நாடுகளும் இலக்கு வைத்திருக்கின்றன. இன்றும் ஒவ்வொரு கோடையிலும் பாசி எவ்வளவு வரும் என்று அங்கே முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். அதற்கு அவர்கள் முக்கியமாக அளப்பது ஏரியை இல்லை, மார்ச் முதல் ஜூலை வரை மௌமி ஆறு வயல்களிலிருந்து எவ்வளவு பாஸ்பரஸைக் கொண்டுவந்தது என்பதைத்தான்.